குழந்தையின் முதல் கேமரா: நான்கு கேமராக்களும் ஒரு பழைய கைபேசியும்

என் மகளுக்கு ஆறு வயது நிறைந்திருந்த சமயம், நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் கேமராவை ஒரு நாள் ஆசையாகக் கேட்டாள் என்பதற்காக அவளிடம் கொடுத்தேன். வாரைக் கழுத்தில் மாட்டிவிட்டு, கேமராவுக்கு அடியில் என் கையையும் ஏந்திக்கொண்டு, அவள் திரும்பிய பக்கமெல்லாம் நானும் திரும்பினேன். "பார்த்து, பார்த்து", "லென்ஸைத் தொடாதே", "மெதுவாக வை" என்று நான் அடுக்கிக்கொண்டே போனதில் அவள் எடுத்தது மூன்றே படங்கள். நான்காவதை எடுக்காமலேயே வாரைக் கழற்றி, "நீங்களே எடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளுக்கென்று தனியாக ஒரு கேமரா வாங்க வேண்டும் என்று தோன்றியது அன்றுதான். அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் நான்கு கேமராக்களும் ஒரு பழைய கைபேசியும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் புழங்கிவிட்டன. முதல் கேமராவைத் தேர்ந்தெடுக்கும்போது, படத்தின் தரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று இப்போது எனக்குத் தெரிகிறது: இதைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நம்மால் வாயை மூடிக்கொண்டு தள்ளி நிற்க முடியுமா? கீழே உள்ள மதிப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியை வைத்தே எழுதப்பட்டது.

குழந்தைகளுக்கென்று கேமரா செய்வது புதிய யோசனை அல்ல. கோடாக் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரவுனி, அட்டைப்பெட்டி போன்ற எளிய உடலும் ஒரே ஒரு லென்ஸும் கொண்ட கேமரா. சிறுவர் சிறுமியரையே முதன்மையாக நோக்கி அது விளம்பரப்படுத்தப்பட்டது. அதில் திருப்பி அமைக்க வேண்டியவை அநேகமாக எதுவும் இல்லை. ஒரு பிலிம் சுருளில் ஆறு படங்கள்தான் எடுக்க முடியும். பிற்காலத்தில் இயற்கைக் காட்சிப் படங்களால் உலகப் புகழ் பெற்ற ஆன்சல் ஆடம்ஸ், 1916இல், தம் பதினான்காம் வயதில், அமெரிக்காவின் யோசமிட்டிப் பள்ளத்தாக்கில் முதன்முதலாகப் படமெடுத்தது ஒரு பிரவுனியில்தான். எடுப்பதற்கு எளிது, கெட்டுப்போனாலும் பெரிய இழப்பில்லை, எடுத்த படமோ உண்மையான படம் என்ற மூன்றும் அந்தப் பெட்டியில் ஒன்றுகூடியிருந்தன. இன்று கடைகளில் குழந்தைக் கேமரா என்ற பெயரில் அடுக்கியிருப்பவற்றில் முதல் இரண்டும் கிடைத்துவிடுகின்றன. மூன்றாவதுதான் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். முதலில் வாங்கியது, பெயர் சொல்லும்படியான நிறுவனம் எதுவும் இல்லாத, இளஞ்சிவப்பு நிறப் பொம்மைக் கேமரா. பெட்டியின் மேல் 40 மெகாபிக்சல் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வயிற்றுக்குள் ஒரு குட்டி அச்சுக் கருவி இருந்தது. பொத்தானை அழுத்தினால் பில் சீட்டு போன்ற தாளில் கறுப்பு வெள்ளைப் படம் வெளியே வரும். படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, முகங்கள் ஈரத்தில் ஊறிய வண்ணப் படங்களைப் போல இழுபட்டுக் கிடந்தன. ஓரிரண்டு மெகாபிக்சல், அதாவது பத்து இருபது லட்சம் புள்ளிகள் மட்டுமே கொண்ட உணரியிலிருந்து (ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரிலிருந்து) வரும் படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கிப் பெரிய எண்ணைக் காட்டுவது இவ்வகைப் பொம்மைகளில் வழக்கமாக நடப்பதுதான். இல்லாத விவரத்தை எந்தப் பெருக்கலாலும் கொண்டுவர முடியாது. உண்மையில் சாதாரண அஞ்சலட்டை அளவுப் படத்தை நேர்த்தியாக அச்சிட, 1800க்கு 1200 புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். ஆகவே பெட்டியின் மேலுள்ள எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குச் சந்தேகப்படுவது நல்லது.

ஆனால் படத்தின் தரத்தால் அந்தக் கேமரா தோற்கவில்லை; தாமதத்தால் தோற்றது. பக்கத்து வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவளை நோக்கி ஓடிவரும், அவள் அழுத்துவாள், கேமரா சற்று யோசிக்கும், படத்தில் வெறும் தரையும் வாலின் நுனியும் இருக்கும். நான்கைந்து முறை இப்படி ஆனதும், "நான் பார்த்தது இதில் வரவே மாட்டேங்குது" என்றாள். ஒரு ஏழு வயதுக் குழந்தை கேமராவுக்கு எழுதக்கூடிய மதிப்பீடுகளில் இதைவிடத் துல்லியமான ஒன்றை நான் கேட்டதில்லை. அச்சுத் தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது வெப்பத்தால் கறுக்கும் தாள் என்பதால் வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கும். சன்னலோரம் ஒட்டிவைத்தவை சில வாரங்களில் சாம்பல் பூத்துவிட்டன. இவ்வகைத் தாள்களில், உடலின் ஹார்மோன்களைப் பாதிக்கக்கூடிய பிஸ்பீனால் வகை வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுவதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் வெப்பத்தாளில் பிஸ்பீனால்-ஏ சேர்ப்பதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால், அந்தப் பொருள் இல்லாத தாள் என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்குவதே சரி.

பொம்மைக் கேமரா என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. என் தம்பி மகனுக்கு நான்கு வயதானபோது வாங்கிக் கொடுத்த விடெக் நிறுவனத்தின் கிடிசூம் டுவோ 5.0, அந்த வயதுக்கு நன்றாகவே பொருந்துகிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி இருப்பதால் சின்னக் கைகள் அதை ஸ்டியரிங் போலப் பிடித்துக்கொள்கின்றன. விழுந்தாலும் எழுந்து வேலை செய்கிறது. 5 மெகாபிக்சல் என்று சொன்னால் 5 மெகாபிக்சல். நான்கு ஏஏ பேட்டரிகளில் ஓடுவதால், திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய பேட்டரிகளை நான்கு நான்காக இரண்டு தொகுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. குறை என்னவென்றால், அதற்குள் விளையாட்டுகளும் இருக்கின்றன. முகத்துக்கு மீசை ஒட்டும் வேடிக்கைகளும் இருக்கின்றன. விளையாட்டு நேரத்தைப் பெற்றோர் மட்டுப்படுத்தும் வசதி உண்டு என்றாலும், பையன் இப்போது அதைக் கேமராவாகக் கருதுகிறானா விளையாட்டுப் பெட்டியாகக் கருதுகிறானா என்று கேட்டால் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. மூன்றிலிருந்து ஐந்து வயது வரை அது பெரிய குற்றமில்லை. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு இதை வாங்குவது, படிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் படப் புத்தகத்தை மட்டும் கொடுப்பது போலாகும்.

மூன்றாவதாக வந்த ஃபியூஜிஃபில்ம் இன்ஸ்டாக்ஸ் மினி 12 பற்றி எனக்கு இரண்டு மனது. முதல் நாள் அது தந்த மகிழ்ச்சியை வேறு எந்தக் கருவியும் தரவில்லை. லென்ஸைச் சுற்றித் திருப்பினால் கேமரா விழித்துக்கொள்ளும். அழுத்தினால் உறுமிக்கொண்டு மேல்புறமாக வெள்ளைத் தாளை வெளியே தள்ளும். ஒன்றரை நிமிடத்தில் அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு முகம் மெல்லத் தெளிந்துவரும். மகள் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தோற்றம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் கறுத்த தலைமுடி தெரிந்தது, பிறகு கண்கள், கடைசியாகத்தான் பின்னாலிருந்த மஞ்சள் சுவர். படம் என்பது வேதிவினையால் உண்டாகும் பொருள் என்பதை விளக்க அதைவிட நல்ல பாடம் இல்லை. கையில் பிடிக்கலாம், பின்புறம் பெயர் எழுதலாம், பாட்டிக்குக் கொடுத்துவிடலாம். படத்தின் அளவு 62க்கு 46 மில்லிமீட்டர்தான் என்றாலும், திரையில் பார்க்கும் ஆயிரம் படங்களுக்கு இல்லாத மரியாதை அந்தச் சின்னத் தாளுக்குக் கிடைத்தது.

சிக்கல் இரண்டாம் நாள் தொடங்கியது. ஒரு பெட்டிக்குப் பத்துத் தாள். தாள் தீர்ந்தால் மறுபடி வாங்க வேண்டும். என்னையும் அறியாமல், "அதை எதற்கு எடுக்கிறாய், வீணாகப் போகிறது" என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். பழைய "பார்த்து, பார்த்து" வேறு உடை உடுத்திக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. அதன் பிறகு மாதத்துக்கு ஒரு பெட்டி, அதில் என்ன எடுத்தாலும் யாரும் கேட்கக் கூடாது என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். அந்த மாதத்திலிருந்து பத்துப் படங்களையும் அவள் ஒரே நாளில் தீர்ப்பதை நிறுத்தினாள். அழுத்துவதற்கு முன் நின்றாள். சில சமயம் அழுத்தாமலேயே கேமராவை இறக்கினாள். பிரவுனியின் ஆறு படங்களுக்குள் அடங்கியிருந்த ஒழுக்கம் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கேமராவின் இயல்பை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தாள் வீணாவதைக் குறைக்கலாம். இதில் பிளாஷை அணைக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் மின்னும். அதன் வெளிச்சம் ஏறத்தாழ 2.2 மீட்டர் வரைதான் எட்டும் என்பதால், இரவில் தூரத்தில் நிற்பவர்களை எடுத்தால் இருட்டுதான் மிஞ்சும். கண்ணாடிச் சன்னலை நேருக்கு நேர் எடுத்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். சற்றுச் சாய்ந்து நின்று எடுத்தால் தப்பிக்கலாம். 30 முதல் 50 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவற்றுக்கு லென்ஸை இன்னும் ஒரு படி திருப்ப வேண்டும். மறந்தால் படம் கலங்கலாக வரும். கண் வைத்துப் பார்க்கும் துளை லென்ஸுக்கு மேல் பக்கவாட்டில் இருப்பதால் நாம் பார்ப்பதும் லென்ஸ் பார்ப்பதும் ஒன்றல்ல. மினி 12இல் அண்மைப் படங்களுக்கு இந்த வேறுபாட்டை ஓரளவு ஈடுசெய்யும் ஏற்பாடு உண்டு என்றாலும், ஏன் இப்படி என்று விளக்கினால் குழந்தைக்குப் புரியும்: ஒரு விரலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மாற்றி மற்றொரு கண்ணால் பார்க்கச் சொன்னேன், விரல் இடம் மாறுவதைக் கண்டதும் அவளே கேமராவைச் சற்று நகர்த்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். பிலிம் உள்ளே இருக்கும்போது பின்கதவைத் திறக்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். எடுத்ததைத் திரையில் பார்த்துப் பிடித்ததை மட்டும் அச்சிடும் மினி ஈவோ போன்ற கலப்பு வகைகளும் வந்திருக்கின்றன. தாள் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒன்றரை நிமிடக் காத்திருப்பின் படபடப்பு அதில் கரைந்துவிடுகிறது என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பழைய கைபேசியைச் சிம் அட்டையை எடுத்துவிட்டு, இணையத்தைத் துண்டித்துக் கொடுப்பது செலவில்லாத வழி. படமும் அருமையாக வரும். ஆனால் எங்கள் அனுபவத்தில் அது மூன்று நாள் கேமராவாக இருந்து நான்காம் நாள் கைபேசியாகிவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

கடைசியாக வந்ததும், இன்றுவரை நிலைத்திருப்பதும் ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. இது குழந்தைகளுக்கென்று செய்யப்பட்டதல்ல. கடலில் முக்குளிப்பவர்களும் மலையேறுபவர்களும் எடுத்துச் செல்லும் கேமரா. 15 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், 100 கிலோ அழுத்தத்தைப் பொறுக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. கால் கிலோ அளவே எடை. ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீளாமல் உடலுக்குள்ளேயே நகர்கிறது. குழந்தைகள் கையில் சாதாரணக் கையடக்கக் கேமராக்கள் பழுதாவதற்கு அந்த நீளும் குழல்தான் பெரும்பாலும் காரணம் என்பதால், தாளில் எழுதியிருக்கும் மற்ற எல்லா எண்களைக் காட்டிலும் எனக்கு இது பெரிதாகப்பட்டது. மணிக்கட்டில் மாட்டும் வாரைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் மழையில் ஓடினாள், சேற்றில் வைத்தாள், குழாயடியில் கழுவினாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவைப்படவுமில்லை.

கேமராவின் மேலுள்ள சுழல் வட்டில் நுண்ணோக்கிப் படம் போட்ட ஓர் இடம் இருக்கிறது. அதில் வைத்தால் லென்ஸின் முகப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் உள்ளதைக்கூடத் தெளிவாக எடுக்கலாம். குழந்தையின் உலகம் எப்படியும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் இருக்கிறது. எறும்பும், கிழிந்த இலையும், சட்டைப் பொத்தானின் நூலும்தான் அதில் வசிப்பவை. ஆகவே இந்த ஒரு வசதி அவளை மாதக்கணக்கில் கட்டிப்போட்டது. முதலில் எடுத்த எறும்புகள் எல்லாம் கறுப்பாகவே வந்தன. அவ்வளவு கிட்டே போகும்போது கேமராவின் நிழலே எறும்பின் மேல் விழுந்துவிடுகிறது என்பதை நான் சொல்லாமல் வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து, கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு வெள்ளைத் தாளை எறும்புக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, வெயில் அதில் பட்டுத் திரும்பி எறும்பின் மேல் விழும்படி செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். படத்தில் எறும்பின் காலிலிருந்த மயிர்கூடத் தெரிந்தது. லென்ஸைச் சுற்றிப் பொருத்தி வெளிச்சத்தைப் பரப்பும் எல்ஜி-1 என்ற வளையம் தனியாகக் கிடைக்கிறது. தாள் அந்த வேலையைச் செய்ததால் நான் வாங்கவில்லை.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. உணரி சிறியது என்பதால் மாலை விளக்கொளியில் வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். ஓடும் குழந்தையை அந்த வெளிச்சத்தில் எடுத்தால் கலங்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது படமெடுக்கும்போது வெளிச்சம் உள்ளே விழும் நேரத்தை, நாமாக அமைக்க வழியில்லை. ஜூம் நான்கு மடங்குதான். மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இது உதவாது. தொடுதிரை இல்லை, உள்பட்டியல்களோ பெரியவர்களுக்கே தலைசுற்றும் அளவுக்கு நீளம், ஆகவே வேண்டியதை நாமே ஒருமுறை அமைத்துக் கொடுத்துவிட்டால் நல்லது. இடத்தைப் பதிவுசெய்யும் ஜிபிஎஸ் வசதியையும் அப்போதே அணைத்துவிடலாம். குழந்தை எடுத்த படத்தோடு வீட்டின் இருப்பிடமும் சேர்ந்து போக வேண்டியதில்லை. பேட்டரி கதவிலும் மின்னேற்றும் துளையின் கதவிலும் உள்ள ரப்பர் விளிம்பில் ஒரு தலைமுடி சிக்கினாலும் நீர் உள்ளே போய்விடும் என்பதால், அந்தக் கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் பெரியவர்களின் பொறுப்பு என்று நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம். கடலில் நனைந்தால் நல்ல நீரில் சிறிது நேரம் ஊறவைத்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். டிஜி-6 வந்தது 2019இல். அதற்கு அடுத்த டிஜி-7, ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் 2023இல் வந்தது. மின்னேற்றும் இணைப்பு யுஎஸ்பி-சிக்கு மாறியிருப்பதைத் தவிர, ஒரு குழந்தையின் தேவைக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தோன்றவில்லை. ஒருவர் பயன்படுத்திய டிஜி-6 நல்ல நிலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ரப்பர் விளிம்பின் வயது தெரியாததால் அதைத் தண்ணீருக்குள் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

கேமராவை வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது என்றாலும், கற்றுக்கொடுக்க வேண்டியவை நான் எண்ணியதைவிடக் குறைவு. முழங்கைகளை விலாவோடு ஒட்டி இரண்டு கைகளாலும் பிடிப்பது, பொத்தானைக் குத்தாமல் மெதுவாக அமுக்குவது, லென்ஸில் விரல்ரேகை இருக்கிறதா என்று பார்த்துத் துடைப்பது, சூரியனை நேராகப் பார்க்கவோ எடுக்கவோ கூடாது என்பது. இந்த நான்கையும் ஒரே மாலையில் சொல்லிவிடலாம். பாதி அழுத்தி ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு முழுதாக அழுத்துவது மட்டும் எட்டு வயதுக்கு முன் வசப்படவில்லை. விரலில் அந்தப் பாதியை உணர வைக்க, கேமராவை அணைத்துவைத்துவிட்டு வெறும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பழகச் சொன்னேன். பிறரைப் படமெடுக்குமுன் கேட்க வேண்டும் என்பதையும், வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட வேண்டும் என்பதையும் நான் சொன்னேன். அதை நானே அவளிடம் கடைப்பிடிக்க வேண்டியிருக்கும் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

முதல் மாதத்துப் படங்கள் ஏறக்குறைய எண்ணூறு. முழங்கால்கள், மின்விசிறி, கதவின் கீல், தன் கால்விரல்கள், நாயின் மூக்கு, பிறகும் நாயின் மூக்கு. அவற்றில் ஒன்றையும் அழிக்கக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. சனிக்கிழமைதோறும் கணினியில் எல்லாவற்றையும் சிறு கட்டங்களாக விரித்துவைப்போம். அவள் ஐந்தைத் தேர்ந்தெடுப்பாள். அந்த ஐந்தும் தாளில் அச்சாகிச் சுவருக்குப் போகும். நான் தேர்ந்தெடுத்திருக்கக்கூடியது அந்த ஐந்தில் ஒன்றாவது இருந்ததாக நினைவில்லை. பெரியவர்கள் எல்லோரும் அவள் படங்களில் மூக்குத் துவாரமும் தாடையுமாக, மலை போல நிற்கிறோம். அவள் உயரத்திலிருந்து பார்த்தால் நாங்கள் அப்படித்தான் தெரிகிறோம் என்பதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

எந்த வயதுக்கு எது என்று கேட்டால், ஐந்து வயது வரை கிடிசூம் போதும். ஆறு வயதிலிருந்து நேராக டஃப் போன்ற ஓர் உண்மையான, விழுந்தாலும் நனைந்தாலும் தாங்கும் கேமராவுக்குப் போய்விடலாம். இன்ஸ்டாக்ஸை முதல் கேமராவாக அன்றி, இரண்டாவதாக, தாள் செலவைக் குழந்தையின் காதில் போடாத வீட்டில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கேமராவை, குழந்தை தானாகக் கேட்கும்வரை வாங்க வேண்டாம். என் மகள் இப்போது எட்டு வயதில், ஷட்டர் வேகத்தை ஏன் தன்னால் மாற்ற முடியவில்லை என்று டஃப்பைக் குறை சொல்லத் தொடங்கியிருக்கிறாள். போன வாரம் என் பழைய கேமராவை மறுபடி எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். வாரைத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நான் கையை அடியில் ஏந்தவில்லை.